வெர்மென்டினோ ஒயினுக்கு மண்டபத்து மீன்

இத்தாலியின் சார்டினியா தீவில், வடகிழக்கு மூலையில் கல்லூரா என்றொரு பகுதி. கிரானைட் பாறை உதிர்ந்த மணலில் விளையும் வெர்மென்டினோ திராட்சையில் அங்கே இனிப்பில்லாத வெள்ளை ஒயின் எடுக்கிறார்கள். 1996 முதல் அதற்கு இத்தாலியின் மேலான தரமுத்திரையான டிஓசிஜி உண்டு. எலுமிச்சை வாசம், நாக்கில் லேசான உப்பு, கடைசியில் பாதாம் தோல் மாதிரி ஒரு கசப்பு. பாம்பன், மண்டபம் மீனுக்கு அருமையான துணை. ஆனால் புளிக்குழம்பு மீனுக்கு ஆகாது. முண்டு வத்தலின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கிளப்பிவிடும். புளிப்புக்கு முன்னால் ஒயின் சப்பென்று போகும்.

அரைக்கிலோ விளைமீன் ஒன்று வாங்குங்கள். இருபுறமும் முள் வரை மும்மூன்று கீறல். ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு இரண்டு பல், கொஞ்சம் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். தோசைக்கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு 6, 7 நிமிடம். மீனை இறக்கிய பிறகு எலுமிச்சையை நாலு சொட்டு மட்டும் பிழியுங்கள்; முன்பே பிழிந்து ஊறவைத்தால் சதை வெளிறி உலர்ந்துவிடும்.

கணவாயை வளையமாக நறுக்கித் துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் வறுபடாது, வெந்துதான் போகும். நன்றாகக் காய்ந்த சட்டியில் 2 நிமிடம் போதும், தாண்டினால் ரப்பர். நீலக்கால் நண்டை உப்பு மட்டும் போட்டு 10, 12 நிமிடம் அவித்தாலே போதும். அதன் இனிப்பும் இந்த ஒயினின் கசப்பும் சேர்வதற்கு ஈடு கிடையாது. விதை நீக்கிய பச்சைமிளகாய் போட்ட தேங்காய்ப்பால் சொதியும் ஒத்துப்போகும்.

சாளை, சூடை போன்ற நெய்ப்பற்றுள்ள மீன் என்றால் அன்று கரையேறியதாக இருக்கட்டும். பழைய மீனின் கொழுப்பும் ஒயினில் உள்ள இரும்புச்சத்தும் சேர்ந்தால் வாயில் தகரவாடை அடிக்கும்.

ஒயின் 10 முதல் 12 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து 15 நிமிடம் வையுங்கள். கோடையில் அதைவிடக் குறைந்த நேரமே போதும். அவசரமானால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு: 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் புட்டி வெடிக்கும். நம் வெயிலுக்குக் கிளாசில் 100 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள், குடித்து முடிப்பதற்குள் சூடேறிவிடும்.

வாங்கும்போது மூடியைப் பாருங்கள். கார்க் மேலே துருத்தியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ வெயில் பட்ட சரக்கு, வேண்டாம். திறந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.