கடல் பித்தளைக்குப் புளி போடாதீர்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் பழைய இரும்புக் கடை அண்ணன் ஒருவர் பீரங்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றை நீட்டி, "ரிப்பல்ஸ் கப்பல்ல எடுத்தது தம்பி" என்றார். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது. வாங்கி வந்து, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, நிறம்தான் மஞ்சள் இல்லை, இளஞ்சிவப்பு. கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். மேல்படலத்தைப் புளி கரைத்ததும், மிஞ்சிய செம்பு முகம் காட்டிவிட்டது. மழைக்காலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்தது. துடைத்தால் அடியில் குழி. உள்ளே ஊறிய உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டிருந்தது.

தேய்ப்பதைவிடப் பெரிய தவறு காயவைப்பது. ஈரமாகக் கைக்கு வந்த இரும்பை வெயிலில் வைத்தால் உப்பு படிகமாகி, ஓடு ஓடாக உரித்துவிடும். நனைந்தபடியே வைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். பித்தளைக்குக் குழாய்த் தண்ணீரில் தொடங்கி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் முடிக்கலாம். இரும்புக்குச் சலவை சோடா கரைத்த நீர், மாதக்கணக்கில் ஆகும். பொறுமை இல்லாதவர் தபால்தலை சேர்க்கலாம்.

குண்டு பொருத்தியிருந்தாலோ, கூட்டின் அடியில் நடுவே ஊசி குத்திய தழும்பு இல்லாவிட்டாலோ தொடவே வேண்டாம். காரில் வைத்துப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் தவறுதான். விலகி நின்று 999க்கு அழையுங்கள். எண்பது வருடம் நீரில் கிடந்தும் வெடிமருந்து உயிரோடு இருக்கலாம்.

அடுத்தது, கதையை நம்பிக் காசு கொடுப்பது. குளுவாங்கிலேயே போர்க்கால விமானத்தளம் இருந்தது. இந்த வட்டாரத்து மண்ணிலும் கூடுகள் கிடைக்கும். என்னுடையதன் உள்வாயில் கடல்புழுக்கள் கட்டிய வெள்ளைக் குழல்கள் ஒட்டியிருந்தன. கடலில் கிடந்தது உறுதி, எந்தக் கப்பல் என்பது இல்லை.

உண்மையிலேயே ரிப்பல்ஸ் என்றால் இன்னும் மோசம். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் அதையும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற போர்க்கப்பலையும் மூழ்கடித்தபோது 840 பேர் இறந்தார்கள். இரண்டும் இன்றும் பிரிட்டன் அரசின் சொத்து, போர்க் கல்லறைகள். 2002இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மணியை மேலே எடுத்ததுகூட பிரிட்டனின் அனுமதியோடுதான். அனுமதி இல்லாமல் அறுத்து அள்ளுகிறவர்களும் உண்டு: 2023 மே மாதம் ஜொகூர் கடலில் சீனக் கப்பல் ஒன்றை மலேசியக் கடல்சார் அமலாக்கத்தினர் பிடித்தபோது அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. நம்மைப் போல வாங்க ஆளிருப்பதால்தான் அள்ளுகிறார்கள்.

மறுபடி போய், யார் எடுத்தது, யாரிடம் அனுமதி என்று அந்த அண்ணனிடம் கேட்டேன். "தே தாரேக் குடிக்கிறியா?" என்றார். கூடு இப்போது ஐஸ்கிரீம் டப்பாவில், பேட்டரித் தண்ணீருக்குள் கிடக்கிறது.