"போர்டு போயிடுச்சு" என்று முடிவு கட்டும் முன்

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "போர்டு போயிடுச்சு" என்பார்கள். அதை நம்பி நானும் ஒருமுறை நல்ல மதர்போர்டை (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய அட்டை) கழற்றி ஓரமாகப் போட்டேன். புதிய போர்டு வந்த பிறகுதான் தெரிந்தது, போயிருந்தது ரேம் (நினைவகத்துக்கான சின்ன நீள அட்டை). அதிலிருந்து, மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போர்டில் கை வைப்பது.

ஒரு ஸ்குரூ டிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர், சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை விடும்முன் கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

1. கேபிள்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் பவர் கனெக்டர் ஒன்று உண்டு. அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், டிஸ்பிளே மட்டும் வராது.

2. ஃபேன்கூட அசையவில்லையா? கேபினட் பட்டனே பழுதாகியிருக்கலாம். அதன் ஒயரை போர்டிலிருந்து உருவிவிட்டு, பிளக்கை மாட்டி, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் குற்றவாளி.

ஆகவில்லையென்றால் அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. பிளக்கைப் பிடுங்கி, அதன் எல்லாக் கனெக்டர்களையும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அப்புறம் மின்சாரம் கொடுங்கள். மல்டிமீட்டரால் அளந்தால் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

3. ரேம். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அடியில் இருக்கும் தங்கநிறப் பட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். மங்கிப்போய் லேசாகக் கறுத்திருந்தால் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிடுங்கள். ஸ்லாட்டை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு சோதனை: ரேமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். போர்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்து பீப் அடித்தால் போர்டுக்கும் பிராசஸருக்கும் உயிர் இருக்கிறது. புதிய போர்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதில், முக்கியப் பாகங்களுக்கு ஒவ்வொன்றாக சின்ன எல்இடி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

4. பேட்டரி. சிஆர்2032 காசு பேட்டரி, 3 வோல்ட். தேதி, நேரம் மாறிக்கொண்டே இருந்தால் மாற்றிவிடுங்கள். பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) செட்டிங்கை மாற்றிய பிறகு தொல்லை தொடங்கியதென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள்.

5. கடைசியாக போர்டு. அதைக் கழற்றி அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் மாட்டி ஓட்டுங்கள். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் (இன்டெலில் எஃப் என்று முடியும் மாடல்கள்) கார்டும் வேண்டும். வெளியே ஓடி, கேபினட்டில் ஓடவில்லையென்றால் போர்டின் அடியில் எங்கோ இரும்பு தட்டுகிறது. தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சின்ன உலோகக் கால்) இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியிலும் ஓடவில்லையா? போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது செத்துவிட்டது. பழைய போர்டில் அப்படி இரண்டு மூன்றுதான் என்றால், சாலிடரிங் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் புது போர்டுக்கு விலை கேளுங்கள்.