எம்ஜிபி காரில் புதிய கேஜ்: ஒயரிங்கில் செய்யக்கூடாத தவறுகள்

எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் காரில் எலக்ட்ரிக் கேஜ் (சூடு, ஆயில் பிரஷர் போன்றவற்றை முள்ளால் காட்டும் மீட்டர்) மாட்டுகிறவர்கள் பவர் ஒயரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை. கேஜ் செய்யும் விடிஓ கம்பெனியின் ஒற்றை ஒயர் சென்சார், தன் மரை வழியாகத்தான் எஞ்சினோடு எர்த் ஆகிறது. கசியக் கூடாதென்று அந்த மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். அப்போது டெம்பரேச்சர் முள் குளிர்ந்த பக்கம் சாயும், ஆயில் பிரஷர் முள் மேலே ஏறும். எஞ்சின் கொதிக்கும்போதும் டேஷ்போர்டு எல்லாம் நலம் என்றே சொல்லும். கேஜே இல்லாத வண்டியில் ஓட்டுகிறவர் காதையாவது தீட்டி வைத்திருப்பார், இந்தப் பொய் அதையும் தூங்க வைத்துவிடுகிறது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையையும் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டுங்கள். ஹெட்லைட் போட்டதும் முள் ஆடினால், கேஜின் எர்த்திலும் கோளாறு இருக்கிறது.

1967 வரை வந்த எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பலர் இதை மாற்றிவிட்டிருப்பதால், வருடத்தை நம்பாமல் பேட்டரியையே பாருங்கள். நெகட்டிவ் எர்த் கேஜை (நெகட்டிவ் முனை பாடியோடு சேரும் வண்டிக்கானது) தலைகீழாக இணைத்தால் எரிந்துபோகலாம்.

சரி, பவர் எங்கிருந்து எடுப்பது? இந்தக் கார்களுக்கு மின் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் ஒயர் நிறமுறையில் பச்சை ஒயர்தான் சாவி போட்டபின் ஃபியூஸ் வழியாக வருவது. வெள்ளைக்கு ஃபியூஸ் கிடையாது, அது இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. அதில் ஷார்ட் ஆனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். வெளிர் பச்சையில் இன்னொரு பொறி இருக்கிறது. அது ஸ்டெபிலைசரை (பழைய கேஜ்களுக்கு வோல்ட்டேஜைக் குறைத்துச் சீராக்கும் பாகம்) தாண்டி வரும் சுமார் 10 வோல்ட். 12 வோல்ட் கேஜுக்கு அது ஒத்துவராது. டேஷ்போர்டுக்கு அடியில் மங்கலான வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

பழைய ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். மெல்லிய கேஜ் ஒயரை அது காப்பாற்றாது, தனியாக 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பும் வேண்டாம். ஈரம் புகுந்து பச்சை பூத்துவிடும். சரியாக கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோக முனையை ஒயரோடு கருவியால் நசுக்கி இறுக்குங்கள்.

ஓடும் கரண்டை அளக்கும் ஆம்மீட்டர் மாட்டாதீர்கள். வண்டியின் மின்சாரத்தில் பெரும்பகுதி டேஷ்போர்டுக்கு உள்ளே வந்து போக வேண்டியிருக்கும், ஒரு முனை தளர்ந்தாலே தீப்பிடிக்கலாம். வோல்ட்மீட்டரே போதும். சார்ஜிங் நன்றாக இருந்தால், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்.

அப்புறம், ஒரு கம்பெனி கேஜுக்கு இன்னொரு கம்பெனி சென்சார் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் கேஜில் விடிஓவுக்குக் காலி டேங்க் என்றால் 10 ஓம், அமெரிக்க வகைக்கு 240. மாற்றி மாட்டினால் காலி டேங்க் நிறைந்ததாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் டெம்பரேச்சர் சென்சார் ஒயரைக் கழற்றி எஞ்சினில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். விடிஓவில் முள் சூட்டுப் பக்கம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் மறுபடி எர்த்திலிருந்தே தேடத் தொடங்குங்கள்.