சுருளும் இலையும் அடிக்கும் முன்

திருநெல்வேலிப் பக்கம் கொல்லுப்பட்டறை என்றாலே அரிவாளும் மண்வெட்டியும்தான் நினைவுக்கு வரும். ஜன்னலுக்குச் சுருள், வாசல் கேட்டுக்குக் கொடியும் இலையும் என்று அலங்கார வேலை பழக வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது சூட்டில்தான்.

நான் முதலில் உலை போட்டது வெட்டவெளியில். காற்று வரட்டுமே என்று நினைத்தேன். சேரன்மாதேவிப் பக்கத்து ஆசாரி ஒருவர் பார்த்துவிட்டு, "ஏல, வெயில்ல நெறம் தெரியுமால?" என்றார். நம்மூர் வெயிலில் ஆரஞ்சாகக் காய்ந்த கம்பிகூட மங்கின சிவப்பாகத்தான் தெரியும். இன்னும் காயட்டும் என்று துருத்தியை ஊதுவோம். பூவாணம் மாதிரி பொரி பறக்கும்போது நுனி எரிந்து போயிருக்கும். எரிந்த இரும்பைத் திருத்த முடியாது, வெட்டித்தான் போட வேண்டும். சாதாரணக் கம்பிக்கு ஆரஞ்சு முதல் மஞ்சள் வரை, சுமார் 950 முதல் 1,150 டிகிரி செல்சியஸ் போதும். அதைக் கண்ணால் பிடிக்க நிழல் வேண்டும். பட்டறைக்குள் ஏன் அத்தனை இருட்டு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இதற்கு நேரெதிர் தவறு, 'இன்னும் ரெண்டே அடி' என்ற ஆசை. இலைக்கு எடுத்த மெல்லிய தகடு சில நொடிகளில் ஆறிவிடும். சிவப்பு போன பிறகும் அடித்தால் ஓரத்தில் விரிசல் விடும். சலிக்காமல் மறுபடி உலையில் வையுங்கள்.

சுருளுக்கு நுனியை மெல்லிசாக இழுத்து, அதை முதலில் குட்டியாகச் சுருட்டிவிட்டுத்தான் மிச்சத்தை வளைக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கம்பி வளையாது, நசுங்கும்.

அப்புறம், லாரி ஸ்பிரிங் பட்டை. அரிவாளுக்கு அருமையான இரும்பு, கார்பன் அதிகம். சும்மா கிடக்கிறதே என்று அதில் இலை செய்து, சிவக்கச் சிவக்கத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி போல் உடையும். வெட்டுகிற வாய்க்குத்தான் அந்தக் கடினம் தேவை, இலைக்கு எதற்கு? சாம்பலில் புதைத்து ஆறவிடுங்கள்.

ஜிஐ பைப்பை உலைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேலே பூசிய துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல்தான்.

கடைசியில், காய்ச்சும்போது இரும்பின் மேல் படிகிற கறுப்புச் செதிலின் மேலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள். செதில் உரியும்போது பெயிண்டும் சேர்ந்து உரியும். கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, இளஞ்சூட்டில் தேன்மெழுகு தடவினால் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்குச் சரி. உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் வாசல் கேட்டுக்கு அது தாங்காது. அந்த உப்புக்காற்றுக்குச் செதிலைச் சுத்தமாக எடுத்துவிட்டு, பிரைமர் அடித்தே ஆக வேண்டும்.