மர வேலை மெஷின் வாங்குகிறவர்கள் வாரண்டியில் கோட்டை விடும் இடங்கள்

ஓசூர் பக்கம் பேலட் (சரக்கு அடுக்கும் மரத் தட்டு) ஷெட், தர்மபுரி, காரிமங்கலம் பக்கம் மாடுலர் கிச்சன் பட்டறை என்று புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகள் அடிக்கடி கூப்பிடுகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்பவர்கள் குறைவு. மெஷின் நின்று, டீலர் கைவிரித்த பிறகுதான் முக்கால்வாசிப் பேருக்கு என் ஞாபகம் வருகிறது. அவர்கள் சொல்வதில் பாதி, நாங்கள் பட்டறை போட்ட காலத்தில் பட்ட அதே பாடுதான். கேட்கக் கேட்க மனது ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பில் இல்லாமல் வாங்காதே, விலை குறைவைப் பார்த்து மயங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

காலியாக ஓட்டிக் காட்டியதும் கையெழுத்துப் போடுவது

இத்தனை தவறுகளில் எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதன் மேல்தான்.

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் ஷீட் வெட்டும் ஸ்லைடிங் பேனல் சா வாங்கினார். கடன் போட்டு வாங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் டெக்னீஷியன் வந்தார். மெஷினை மட்டம் பார்த்து நிறுத்தினார், ஒயர் கொடுத்தார், ஸ்விட்சைப் போட்டார். பிளேடு சத்தமில்லாமல் சுற்றியது. ஒன்றரை அடி பிளைவுட் துண்டு ஒன்றை வெட்டிக் காட்டினார். பளிச்சென்று வந்தது. உடனே பையிலிருந்து இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டை எடுத்தார். 'அலைன்மென்ட் சரிபார்க்கப்பட்டது', 'லோடு டெஸ்ட் செய்யப்பட்டது', 'வாடிக்கையாளருக்குத் திருப்தி' என்று எல்லாக் கட்டத்திலும் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது.

"இதுல ஒரு சைன் போட்டுடுங்கண்ணா, இது போனாத்தான் எனக்கு பேட்டா பாஸாகும்" என்றார். பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நம் தம்பி டீ வாங்கிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை எட்டுக்கு நாலு ஷீட்டை ஏற்றினார். எட்டடி நீளத்தில் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் மூன்று மில்லி வித்தியாசம். அலமாரிக் கதவுக்கு அது ஆகவே ஆகாது. போன் செய்தால் இன்று, நாளை என்று இழுத்தார்கள். கடைசியில் வந்தவர் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃப்ளோர் இறங்கியிருக்கு. நாங்க செட் பண்ணப்ப சரியாத்தான் இருந்தது, நீங்களே சைன் போட்டிருக்கீங்களே" என்றார். மறுபடி அலைன்மென்ட் செய்ய அவர் போக்குவரத்துச் செலவோடு சேர்த்துக் காசு கட்ட வேண்டி வந்தது. ஸ்லைடிங் ரெயிலே வளைந்திருந்தது அதற்கும் அப்புறம்தான் தெரிந்தது. 'நீங்கள் கையாண்டதில் வளைந்தது' என்று அதற்கும் வாரண்டி இல்லை என்றுவிட்டார்கள்.

அந்தக் கையெழுத்தின் கனம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 41, 42-ஆம் பிரிவுகளைப் பாருங்கள். வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஆனால் 'ஏற்றுக்கொண்டேன்' என்று நீங்களே தெரிவித்துவிட்டாலோ, நியாயமான காலம் கடந்தும் மறுக்காமல் வைத்துக்கொண்டாலோ, ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஏற்ற பிறகு, 'இந்த மெஷின் வேண்டாம், திருப்பி எடு' என்று கேட்கும் பலம் பெரும்பாலும் போய்விடும். நஷ்ட ஈடு கேட்டுக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இத்தனையும் கைமாறிவிடுகிறது.

சரி, என்ன செய்வது? டெக்னீஷியன் வரும் நாளில் வேலைக்கு வேண்டிய மரமும் ஷீட்டும் தயாராக இருக்கட்டும். அவர் கொண்டு வரும் துண்டில் சோதிக்க விடாதீர்கள்.

பேனல் சா என்றால் மூன்றடிச் சதுர எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய பக்கத்தை ஃபென்ஸில் (ஷீட்டை அணைத்து வைக்கும் கட்டையில்) சாய்த்து அடுத்த பக்கம் வெட்டுங்கள். இப்படியே நாலு பக்கமும் சுற்றி வந்து, ஐந்தாவதாக ஒரு பட்டையை வெட்டி எடுங்கள். பட்டையின் இரண்டு முனைகளையும் வெர்னியரில் அளந்து, வரும் வித்தியாசத்தை நாலால் வகுத்தால் ஃபென்ஸின் கோணப் பிழை தெரியும். பட்டையில் 1.2 மில்லி வித்தியாசம் என்றால், அந்த மூன்றடிக்கு ஒரு வெட்டில் 0.3 மில்லி பிழை. கண்ணுக்குத் தெரியாத பிழையை நாலு மடங்காக்கிக் காட்டும் சோதனை இது. அப்புறம் ஒரு முழு ஷீட்டை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள், ரெயிலின் நேர்மை அதில்தான் தெரியும்.

பலகையைச் சீரான கனத்துக்கு இழைக்கும் திக்னஸ் பிளேனர் என்றால் இன்னும் சுலபம். ஒரே மாதிரி இரண்டு குச்சிகளை டேபிளின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரே நேரத்தில் விட்டு, வெளியே வந்ததும் இரண்டின் கனத்தையும் அளந்து பாருங்கள். கனம் மாறினால் கத்தி பொருத்திய கட்டர் பிளாக்கும் டேபிளும் இணையாக இல்லை. அதோடு, நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் புளி, வேம்பு மாதிரி கெட்டி மரத்தில் அகலமான பலகை ஒன்றை விட்டு, ஓடும்போதே கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸிலும் ஆம்பியர் பாருங்கள். 5 ஹெச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் முழு லோடில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். நேம் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டி நின்றாலோ, மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தாலோ அங்கேயே கேள்வி கேளுங்கள். காலியாக ஓடும் மோட்டாரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதெல்லாம் தெரியாது.

சோதிக்க நேரமில்லை, கட்டாயம் கையெழுத்து வேண்டும் என்றால் சண்டை போட வேண்டாம். ரிப்போர்ட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: 'மெஷின் இறக்கி நிறுத்தப்பட்டது மட்டும். லோடு போட்டுச் சோதிக்கவில்லை. சோதித்த பிறகே ஏற்பு.' எழுதி, அதன் கீழே தேதியும் கையெழுத்தும். டிக் அடித்த கட்டங்களை அடித்துவிட்டு, தாளை அவர் கையில் கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் பேட்டா கிடைக்கும், உங்களுக்கும் உரிமை நிற்கும்.

மொத்தப் பணத்தையும் முன்னாலேயே விடுவது

பி.எம்.இ.ஜி.பி. (மத்திய அரசின் சுயதொழில் மானியத் திட்டம்) மாதிரிக் கடனில் வாங்கினால் வங்கி பணத்தை நேராக டீலருக்கே அனுப்பும். கொட்டேஷனில் 'டெலிவரியில் 90 சதவீதம், லோடு டெஸ்ட் முடிந்த பிறகு 10 சதவீதம்' என்று முதலிலேயே போட்டு வாங்கினால், அதைக் காட்டி மேனேஜரிடம் பேசலாம். கொட்டேஷன் வங்கிக்குப் போய்விட்ட பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

கரண்ட் வருவதற்கு முன்பே மெஷினை இறக்குவது

த்ரீ பேஸ் கனெக்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 'வந்துவிடும்' என்ற நம்பிக்கையில் மெஷினை இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறார்கள். வாரண்டிக் கார்டில் 'இன்வாய்ஸ் தேதியிலிருந்து 12 மாதம்' என்று இருக்கும். இன்ஸ்டலேஷன் தேதியிலிருந்து என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த மாதமெல்லாம் வாரண்டியில் கழிந்துவிடும். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே 'இயக்கத் தொடங்கிய தேதியிலிருந்து' என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால், கரண்ட் வந்த பிறகு இறக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் எரிந்ததும் பேச்சிலேயே தோற்பது

"லோ வோல்டேஜ், நாங்க பொறுப்பில்லை." மோட்டார் எரிந்தால் டீலர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். மோட்டாரைத் திறந்தால் காயிலே சாட்சி சொல்லும். காயிலை ஸ்டார் முறையில் இணைத்த மோட்டார் ஒரு பேஸ் போய் ஓடியிருந்தால், மூன்றில் இரண்டு பங்கு காயில் கருகி ஒரு பங்கு புதிதாக மின்னும். டெல்டா முறையில் இணைத்திருந்தால் ஒரு பங்கு மட்டும் கருகும். எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடோ லோ வோல்டேஜோ காரணமாக இருக்கலாம். அதனால் மோட்டாரைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், காயிலை போட்டோ எடுக்க வேண்டும். டீலர் ஆளை வைத்துக்கொண்டு திறப்பது இன்னும் நல்லது. காயில் கட்டுகிறவர் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

கிராமத்து ஷெட்டில் இன்னொரு பழக்கம். பம்ப் செட்டுக்குப் போடுவது மாதிரி, ஒரு பேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு மெஷினை ஓட்டுவது. டீலர் ஆள் வந்து பேனலைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தக் கண்டன்சர்தான். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஒன்றைப் போட்டு, மெஷின் இறங்கும் நாளிலேயே மூன்று பேஸ் வோல்டேஜையும் எர்த் அளவையும் டெக்னீஷியன் கையாலேயே ரிப்போர்ட்டில் எழுத வையுங்கள்.

மோட்டார், வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி), கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினின் ஸ்பிண்டில் எல்லாம் வேறு கம்பெனிச் சாமான்களாக இருக்கும். அவற்றின் வாரண்டிக் கார்டும் சீரியல் நம்பரும் தனியாக வாங்கி வைக்காவிட்டால் டீலர் அந்தக் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி டீலரைக் காட்டும்.

வாரண்டி இருக்கும்போது தெரிந்த மெக்கானிக்கை விட்டு வி.எஃப்.டி.யைத் திறப்பது

திறக்காதீர்கள். சீல் உடைந்தால் வாரண்டி போச்சு.

பழைய மெஷினை இரும்பு பில்லில் வாங்குவது

நம் மாவட்டத்துக்குப் பழைய மெஷின் நிறைய பெங்களூரிலிருந்து வருகிறது. கம்பெனியை மூடுகிறவர்கள், புது மெஷினுக்கு மாறுகிறவர்கள் விற்பது. சரக்கு நல்லதாகவே இருக்கும். தொல்லை பில்லில்.

18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லி, 'பழைய இரும்பு, இத்தனை கிலோ' என்று குறைந்த தொகைக்கு பில் போட்டு, மீதியைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் லாபம் என்றுதான் தோன்றும். மரத்தின் ஓரத்தில் வடிவம் செதுக்கும் ஸ்பிண்டில் மோல்டர் ஒன்றை இப்படி வாங்கிய ஒருவர், ஷாஃப்ட் ஆடுகிறது என்று விற்றவரிடம் போனார். "நான் உங்களுக்கு மெஷினே விக்கலையே, பில்லைப் பாருங்க" என்று பதில் வந்தது. ஜி.எஸ்.டி. பில்லில் சரக்கின் வகையைக் காட்டுவது ஹெச்.எஸ்.என். எண். மர வேலை மெஷினுக்கு அது 8465 என்று தொடங்கும். இரும்புக் கழிவுக்கு 7204. பில்லில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளி மாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வந்தால் இ-வே பில் வேண்டும். அதிலும் மெஷின் பெயரும் உண்மைத் தொகையும் வரட்டும். வரிப் பதிவு இருந்தால் கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

"கம்பெனி வாரண்டி இன்னும் ஆறு மாசம் இருக்குண்ணா" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கம்பெனிகள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே வாரண்டி தருகின்றன. நேம் பிளேட்டில் உள்ள சீரியல் நம்பரைச் சொல்லிக் கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். விற்கிறவர் 'பத்து நாள் ஓட்டிப் பாருங்க, ஏதாவதுன்னா நான் பாத்துக்கறேன்' என்றால், அந்தப் பத்து நாளை பில்லின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள்.

புகாரை போனிலேயே சொல்லி முடிப்பது

மெயில் போடுங்கள். பதில் வராவிட்டால் பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட்.

'நான் நுகர்வோர்தான்' என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடுவது

பலரும் கடைசியில் நுகர்வோர் ஆணையத்தை நம்புகிறார்கள். தொழிலுக்கு வாங்கிய மெஷினுக்கு அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்காது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பது சட்டம். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1995-இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு லேத் மெஷினையோ வேறு மெஷினையோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். அடுத்தவரை வைத்து ஓட்டுவதற்காக வாங்கினால் இல்லை. அந்த வழக்கைப் போட்டவரும் பெரிய அளவில் தொழில் செய்ய வாங்கியவர் என்று சொல்லி, நுகர்வோர் இல்லை என்றே தீர்ப்பானது. 2019-ஆம் ஆண்டின் புதுச் சட்டத்திலும் இந்த விலக்கு அப்படியே இருக்கிறது.

ஆகவே பத்துப் பேரை வேலைக்கு வைத்து பேலட் அடிக்கும் ஷெட்டுக்கு, பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்கிய நிபந்தனைகள்தான் துணை, சிவில் கோர்ட்தான் வழி. தானே மெஷினில் நிற்கும் ஆசாரிக்கும் சின்னப் பட்டறைக்காரருக்கும் ஆணையத்துக்குப் போக வாய்ப்பு உண்டு. புதுச் சட்டப்படி உங்கள் ஊர் ஆணையத்திலேயே மனு போடலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பாருங்கள், சில டீலர்கள் அந்த அளவிலேயே இறங்கி வருகிறார்கள்.

மனு எழுதும்போது, மெஷினை நீங்களே இயக்குகிறீர்கள், குடும்பப் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது என்பதைத் தெளிவாக ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். வக்கீல் வைக்காமல் தானே எழுதுகிறவர்கள் பழுதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.