ஃபேஸ்லிஃப்டுக்கு மரத்துப்போகும் ஊசி போதுமா, முழு மயக்கம் வேண்டுமா?

தொங்கும் முகத் தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவையைச் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று இரண்டு வருடம் யோசிப்பவர்கள்கூட மயக்க மருந்தைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்பதில்லை. என் அக்காவும் அப்படித்தான். ஒரு கிளினிக்கில் "லோக்கல்லயே, மரத்துப்போற ஊசி போட்டே முடிச்சிடலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள், இன்னொரு இடத்தில் "முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம், ஒரு ராத்திரி தங்கணும்" என்றார்கள். எது சரி என்று தெரியாமல் அவள் என்னிடம் கேட்க, அதற்காக ஓடி அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசி முடிவு உங்கள் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியது. என்ன பேசுவது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் ஒன்று. மரத்துப்போகும் ஊசி எல்லாருக்குமே உண்டு. முழு மயக்கத்தில் தூங்குபவருக்கும் காதைச் சுற்றி, கன்னம், கழுத்துத் தோலுக்கு அடியில் லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த கரைசலைப் பெரும்பாலும் செலுத்துவார்கள். லிக்னோகெய்ன் மரக்கச் செய்கிறது, அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. செலுத்தியபின் 15, 20 நிமிடம் பொறுத்திருந்து கத்தி வைத்தால் ரத்தம் நன்றாகக் குறையும். அதனால் உண்மையான கேள்வி, இந்த ஊசிக்கு மேல் வேறு என்ன தேவை என்பதுதான். ஒன்றுமே வேண்டாமா, அரைத்தூக்கத்துக்கு ஏதாவது வேண்டுமா, முழுத் தூக்கமா. ஆக வழிகள் மூன்று. நடுவில் இருக்கும் அந்த அரைத்தூக்கத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

எவ்வளவு பெரிய வேலை என்பதிலிருந்து தொடங்குங்கள். காதுக்கு முன்னால் மட்டும் சின்னதாகக் கீறி இழுத்துத் தைக்கும் மினி லிஃப்ட் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடியும். அதற்கு மரத்துப்போகும் ஊசியும் பதற்றம் தணிக்க ஒரு மாத்திரையும் பலருக்குப் போதும். தோலுக்கு அடியில் இருக்கும் தசைப் படலத்தையும் தூக்கி, கழுத்தையும் சரிசெய்து, கூடவே கண் இமையும் என்றால் நான்கு, ஐந்து மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் முகத்தைத் துணி மூடியிருக்க, தலையை ஒரு பக்கம் திருப்பிவைத்து அசையாமல் படுப்பது சாதாரண விஷயம் இல்லை. வலி தெரியாவிட்டாலும் இழுப்பது தெரியும், வெட்டுகிற சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும், முதுகு வலிக்கும், சிறுநீர் முட்டும். மரத்துப்போகும் மருந்துக்கு அளவும் உண்டு. அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்னுக்கு வழக்கமாகச் சொல்லும் உச்ச அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 21 மில்லிதான். அதனால்தான் சலைனில் நீர்த்துப் பரவலாகச் செலுத்துகிறார்கள். அளவு மீறினால் உதடு மரப்பது, வாயில் இரும்பு ருசி, காதில் ரீங்காரம், தலைசுற்றல் என்று ஆரம்பித்து வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். விழித்திருக்கும்போது இதில் எது தெரிந்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள், தயங்கவே தயங்காதீர்கள்.

அடுத்து உங்கள் சுபாவம். பல் பிடுங்கும்போது அந்த நாற்காலியில் எப்படி இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கை இறுக்கிப் பிடித்து, வியர்த்து, நெஞ்சு படபடத்ததா? அப்படியென்றால் விழித்தபடி ஃபேஸ்லிஃப்ட் வேண்டாம். பயம் வந்தால் ரத்த அழுத்தம் ஏறும், ஏறினால் ரத்தம் கசியும். ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கலே தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவதுதான். ஆண்களுக்கும், பிபி கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது இன்னும் அதிகம்.

சரி, அந்த நடுவழி. "ஜெனரல், அதாவது முழு மயக்கம் இல்லைங்க, சும்மா லேசா தூங்க வைப்போம்" என்று சொல்வார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் அந்த லேசான தூக்கம் எந்த நிமிடத்தில் ஆழமாகும் என்று சொல்ல முடியாது. இதற்குக் கொடுக்கும் புரோபோஃபால் என்ற தூக்க மருந்து கொஞ்சம் கூடினாலே மூச்சு மெதுவாகும், நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலை அடைக்கும். வயிற்றிலோ காலிலோ அறுவை நடந்தால் மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டிலேயே நின்று தாடையைத் தூக்கிப் பிடிப்பார். ஃபேஸ்லிஃப்டில் அந்த இடத்தில் சர்ஜன் நிற்கிறார்! முகமூடி போட்டு அழுத்திப் பிடிக்கவும் முடியாது. இன்னொன்று, துணிக்கு அடியில் ஆக்சிஜன் தேங்கியிருக்கும்போது ரத்தத்தை நிறுத்தச் சுடும் காட்டரியின் பொறி பட்டால் தீப்பிடிக்கும். முகத்தில் தீக்காயம் பட்டவர்கள் உண்டு. அதனால் திறந்தபடி கொடுக்கும் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குக் கீழே வைப்பார்கள். அதற்குமேல் தேவைப்படும் ஆளுக்கு மூச்சுக்குழலில் குழாய் போட்டு முழு மயக்கம் கொடுப்பதே பத்திரம்.

நடுவழியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியாக ஒரு மயக்க மருந்து டாக்டர், வேறு வேலை எதுவும் இல்லாமல், ஆரம்பம் முதல் முடிவு வரை உங்கள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் அது நல்ல வழிதான். கத்தி பிடிக்கும் சர்ஜனே "இன்னும் ரெண்டு மில்லி போடுங்க சிஸ்டர்" என்று சொல்லி நடத்தும் இடம் என்றால் முன்பணம் கட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முழு மயக்கத்தைப் பற்றிய பயம் பலருக்கும் பழைய கதைகளிலிருந்து வருகிறது. உடல்நலம் ஓரளவு சரியாக இருப்பவருக்கு, சரியான ஆட்களும் கருவிகளும் இருக்கும் இடத்தில் அது மிகவும் பாதுகாப்பானது, மூச்சுக்குழலும் பத்திரமாக இருக்கும். தொல்லைகள் எழுந்திருக்கும்போதுதான். தொண்டைக் கரகரப்பு, குமட்டல். அந்த நேரத்து இருமலும் வாந்தியும் பிபியை ஏற்றி ரத்தக் கட்டுக்கு வழி செய்யலாம். முன்பு எப்போதாவது மயக்கத்துக்குப் பிறகு வாந்தி எடுத்திருந்தால், பஸ்ஸில் போனாலே குமட்டும் ஆள் என்றால், முன்கூட்டியே சொல்லுங்கள். வாயு மருந்தைத் தவிர்த்து ரத்தக் குழாய் வழியாகவே மயக்கம் கொடுக்கவும், குமட்டல் தடுப்பு மருந்து சேர்க்கவும் முடியும்.

டாக்டரிடம் மறைக்கக்கூடாதவை சில. குறட்டை, அதிலும் தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது. உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். குறட்டைக்காரர்களுக்கு அரைத்தூக்கம் ஆபத்தானது. அப்புறம் எடை குறைக்கும் செமாகுளூடைட் ஊசி. அதில் எடை குறைந்து முகம் தொங்கியதால்தான் பலர் ஃபேஸ்லிஃப்டுக்கே வருகிறார்கள். அது வயிற்றைக் காலியாக விடாது, பட்டினி கிடந்தாலும் உள்ளே உணவு இருக்கலாம். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் இ எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுங்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் சிக்கல் வந்ததா என்பதும் முக்கியம். ஆரிய வைசியக் குடும்பங்களில் சிலருக்கு, சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தை உடைக்கும் நொதி பிறப்பிலேயே குறைவு. மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளியும் அந்த மருந்து அவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும். முன்பே தெரிந்தால் வேறு மருந்து போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆலோசனைக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: மயக்க மருந்து டாக்டர் யார், அறுவைக்கு முன்னால் அவரைப் பார்க்க முடியுமா? கேப்னோகிராஃப் இருக்கிறதா? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், மூச்சு நின்று சற்று நேரம் கழித்துத்தான் குறைவைக் காட்டும். வெளிவிடும் மூச்சைப் பார்க்கும் கேப்னோகிராஃப் உடனே காட்டிவிடும். பாதியில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வந்தால் அந்த அறையிலேயே முடியுமா? இரவு யார் இருப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

எந்த மயக்கமானாலும் வயிறு காலியாக இருக்கட்டும். இட்லி போன்ற லேசான உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். பால் காபி தண்ணீர்க் கணக்கில் வராது, அதற்கும் 6 மணி நேரம்தான். முடிந்தபின், ஊசியின் மரமரப்பால் சில மணி நேரம் வாய் கோணலாகத் தெரியலாம், அது பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் நடுராத்திரி என்றாலும் போன் செய்யுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அக்காவுக்கு 58 வயது, பிபி மாத்திரை, நல்ல குறட்டை, கழுத்தும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தது. முழு மயக்கம், ஒரு இரவு ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தோம். வீட்டுக்கு வரும்போது மயக்க மருந்துக் குறிப்பின் நகல் கேட்டு வாங்கினோம். என்ன மருந்து, எவ்வளவு, குழாய் போடுவதில் சிரமம் இருந்ததா எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அடுத்து எந்த அறுவைக்குப் போனாலும் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான், நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.