பெர்ரி ஸ்மூத்தி: பழக்கடையிலேயே தொடங்கும் தவறுகள்

பெர்ரி ஸ்மூத்தியில் முதல் தவறு மிக்ஸியைத் தொடுவதற்கு முன்பே, பழக்கடையில் நடந்துவிடுகிறது. ஸ்ட்ராபெர்ரி டப்பாவின் மேல் வரிசையில் சிவந்த பழங்களாக அடுக்கியிருப்பார்கள். டப்பாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காம்பை ஒட்டிய தோள்பகுதி வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் அது முழுதாகப் பழுக்கவில்லை. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் போல இரண்டு நாள் வீட்டில் வைத்தால் இனித்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது. நிறம் சற்றுக் கூடும், சதை மென்மையாகும், ஆனால் இனிப்பு ஏறாது.

இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி பகுதியிலிருந்து வருகிறது. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரிக்கு 2010-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளிர்காலத்தில் தொடங்கி கோடையின் முற்பகுதி வரை வரத்து இருக்கும். அங்கிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் வந்து சேர்வதற்குள் நசுங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பழத்தைச் சற்று முன்கூட்டியே பறிப்பதுண்டு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விளைந்த பழம் கிடைத்தால் பயண தூரம் குறைவு. எங்கிருந்து வந்தாலும் வாசனையை நம்புங்கள். நன்றாகப் பழுத்த ஸ்ட்ராபெர்ரி டப்பாவைத் திறக்காமலே மணக்கும்.

பழத்தேர்வைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. அரைகுறையாகப் பழுத்த பழம் புளிக்கும். அந்தப் புளிப்பை மறைக்கத்தான் ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பிக்கிறோம். முதலில் சர்க்கரை. அது கெடுதல் என்று தோன்றியதும் தேன். பிறகு பேரீச்சம்பழம், வாழைப்பழம், ஒரு கரண்டி ஐஸ்கிரீம். ‘ஆரோக்கிய பானம்’ என்ற பெயர் மட்டும் மாறுவதில்லை.

தேன் இயற்கையானது, ஆகவே கணக்கில் வராது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சர்க்கரை, தேன், பழச்சாறு மூன்றையும் ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. இவற்றிலிருந்து வரும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. சராசரிப் பெரியவருக்கு இந்த 5 சதவீதம் ஏறக்குறைய 25 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேனில் மட்டும் சுமார் 17 கிராம் சர்க்கரை. மாறாக, 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் இருப்பது 5 கிராம்தான். கூடவே ஏறக்குறைய 60 மில்லிகிராம் வைட்டமின் சி, 2 கிராம் நார்ச்சத்து. ஒரு கரண்டி தேன் ஊற்றும்போது பழத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் சர்க்கரையை நாமே சேர்க்கிறோம். (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகள் கடுமையான நச்சுப் பாதிப்பை உண்டாக்கலாம்.)

புட்டியில் விற்கும் ஸ்ட்ராபெர்ரி கிரஷ், புளூபெர்ரி சிரப், பழச்சுவை சேர்த்த தயிர் ஆகியவற்றை ஸ்மூத்திக்கு எடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள். மூலப்பொருள்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சாகியிருக்கும். சர்க்கரை முதலிடத்தில் நின்றால் அந்தப் புட்டியை வைத்துவிடுங்கள்.

வாழைப்பழம் பலருக்கு வியப்பளிக்கும் விஷயம். கெட்டியும் இனிப்பும் தருகிறது என்பதால் கிட்டத்தட்ட எல்லாச் செய்முறைகளிலும் அது இடம்பெறுகிறது. பெர்ரியில் ஃபிளாவனால் என்ற தாவரச் சேர்மங்கள் இருக்கின்றன. இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நல்லது என்று பேசப்படுபவை இவை. வெட்டிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் நொதி, அரைக்கும்போது இந்தச் சேர்மங்களையும் சிதைத்துவிடுகிறது. அமெரிக்காவின் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வாழைப்பழம் கலந்த பானத்தைக் குடித்தவர்களின் உடலில் சேர்ந்த ஃபிளாவனால் அளவு, அதே சேர்மத்தை மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. பெர்ரி மட்டும் கலந்த பானத்தில் இந்த இழப்பு இல்லை. சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. வாழைப்பழத்தை ஒதுக்கச் சொல்வதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பொட்டாசியமும் நார்ச்சத்தும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் பெர்ரியின் பலனுக்காக விலை கொடுத்து வாங்குகிறவர், வாழைப்பழத்தை வேறொரு வேளைக்குத் தனியாகச் சாப்பிடுவதே புத்திசாலித்தனம். கெட்டிக்குத் தயிர் போதும். இனிப்பு வேண்டுமானால் நான்கு துண்டு மாம்பழமோ அன்னாசியோ சேர்க்கலாம்; அவற்றில் அந்த நொதி குறைவு.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வடிகட்டுவது. நம் வீட்டு மிக்ஸிகளோடு வரும் ஜூஸ் ஜாரின் நடுவில் ஒரு வலைக்குழல் இருக்கும். பழத்தை அதில் போட்டு அரைத்துச் சாற்றை ஊற்றியபின் வலையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சிவந்த சக்கை, பொடி விதைகள், தோல் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். நார்ச்சத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதைத் தட்டிக் குப்பையில் போட்டுவிட்டு டம்ளரில் குடிப்பது வெறும் சாறு. அந்த வலையைக் கழற்றி வைத்துவிட்டு சாதாரண ஜாரில் அரையுங்கள். விதை பல்லில் படுகிறது என்று குழந்தைகள் முகம் சுளித்தால் இன்னும் அரை நிமிடம் கூடுதலாக ஓட்டலாம்.

அரைப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. தயிரும் தண்ணீரும் அடியில், மென்மையான பழம் அடுத்து, உறைந்த பழம் கடைசியில். உறைந்த பழத்தை முதலில் கொட்டினால் பிளேடு சிக்கி மோட்டார் சூடாகும். மிக்ஸி திடீரென்று நின்றுபோனால் பதறாமல் சற்று ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

பாலா, தயிரா என்றால் என் ஓட்டு தயிருக்கு. ஸ்ட்ராபெர்ரியின் அமிலம் பாலைத் திரித்துவிடும். சற்று நேரம் வைத்தாலே கட்டிகள் மிதக்கும். அது கெட்டுப்போனது என்று பொருளல்ல, ஆனால் குடிக்க நன்றாக இருக்காது. பால்தான் வேண்டுமென்றால் காய்ச்சி, குளிரவைத்து, அரைத்த உடனே குடித்துவிட வேண்டும்.

உறைந்த பெர்ரிப் பாக்கெட் மோசமான பொருள் அல்ல. பழுத்த நிலையில் பறித்து உறைய வைப்பதால் பல சமயம் கடையில் வாடிக்கிடக்கும் பழத்தைவிட மேல். வாங்கும்போது பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். பழங்கள் தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒரே கல்லாகக் கட்டியிருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உறைநிலை கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. 2012-இல் ஜெர்மனியில் பள்ளிகளுக்குப் போன உறைந்த ஸ்ட்ராபெர்ரியால் நோரோவைரஸ் பரவி ஏறக்குறைய 11,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வாந்தி பேதியால் பாதிக்கப்பட்டார்கள். இறக்குமதியாகும் உறைந்த பெர்ரியை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுப் பயன்படுத்தும்படி அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதைச் செய்துவிடுவது நல்லது. சுவை சற்று மாறும், பரவாயில்லை.

புதிய பழத்தை உப்புத் தண்ணீரிலோ சோடா உப்பிலோ நெடுநேரம் ஊறவைக்க வேண்டாம். காம்பைக் கிள்ளாமல் ஓடும் தண்ணீரில் மெல்ல அலசி, பிறகு காம்பை எடுங்கள். முதலிலேயே கிள்ளிவிட்டால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பழம் சப்பென்றாகும். கழுவுவதும் அரைப்பதற்குச் சற்று முன்புதான்; ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே பூசணம் பிடிக்கத் தொடங்கும்.

அளவு விஷயத்தில் கை தாராளமாகிவிடுகிறது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிலிட்டர் போதும் என்கிறது. அது நம் காபி டம்ளரில் ஒன்று. பெரிய கண்ணாடிக் குவளையை நிரப்பிக் காலை உணவோடு குடித்தால் இரண்டு வேளைச் சாப்பாடு ஒன்றாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காமல், சிறிய அளவாக உணவோடு சேர்த்துக்கொள்வது நல்லது. மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு நான் எடுக்கும் அளவு இது: நடுத்தர ஸ்ட்ராபெர்ரி ஏழெட்டு, அரை டம்ளர் புளிக்காத கெட்டித் தயிர், ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் நான்கு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும். சர்க்கரைக்குத் தேவை இல்லாமல் போகும். சியா விதை சேர்ப்பவர்கள் கால் மணி நேரமாவது ஊறவைத்துச் சேர்க்க வேண்டும், உலர்ந்த விதையை அள்ளிப் போடக் கூடாது.

ஸ்ட்ராபெர்ரி வரத்து நின்றபின் இறக்குமதி புளூபெர்ரிக்குப் பெரும் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தள்ளுவண்டிகளில் நாவல்பழம் குவிந்திருக்கும். புளூபெர்ரிக்கு நீலம் தரும் அதே வகை நிறமிகள்தான் நாவலுக்கும் கருநீலம் தருகின்றன. கொட்டையை விரலால் பிதுக்கி எடுத்துவிட்டு அதே தயிர், அதே உப்பு சேர்த்து அரையுங்கள். துவர்ப்பு கூடுதலாக இருந்தால் தயிரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஜாரை உடனே கழுவிவிடுங்கள். நாவல் கறை காய்ந்தால் மூடியின் ரப்பர் வளையத்திலிருந்து போகவே போகாது.